வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஓடிய வலையமைப்பு

எங்கள் தொழிலில் சொல்லப்படும் கதைகளில் பொறியியலாளர் வருவார், முகாமையாளர் வருவார், கொழும்பிலிருந்து தொலைபேசியில் புத்திமதி சொல்லும் நிபுணர் வருவார்; பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தபடி காத்திருப்பவள் மட்டும் வரமாட்டாள். அறிக்கைகளில் அவளுக்குப் "பயனர்" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முகம் கிடையாது, காலைப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் கிடையாது. நான் எழுதப்போகும் பயனரின் பெயர் பரீனா. தில்லையடியில் வீடு, கற்பிட்டியில் வேலை.

நான் உடப்பைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கணினி வலையமைப்புகளைப் பற்றிப் படித்துவிட்டு, புத்தளம் நகரில் இரண்டே பேர் வேலை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். பிறருடைய கணினிகளும் இணைப்புகளும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் வாடிக்கையாளர்களுள் ஒன்று, நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி. அலுவலகம் புத்தளத்தில், குளிர்களஞ்சியம் கற்பிட்டியில். குளிர்களஞ்சியத்தில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, லேபலோடு படம் பிடித்து, அந்தப் படங்களைப் புத்தளத்துக்கு அனுப்புவது பரீனாவின் பொறுப்பு. கடைசிப் படம் புத்தளத்தில் பதிவாகும்வரை விமான நிலையத்துக்குச் செல்லும் லொறியின் கதவைப் பூட்டக்கூடாது என்பது கம்பனியின் விதி. லொறி நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். நான் சொல்லும் காலத்தில் அது ஐந்தரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இதே தொழிலில் இருந்து, "ஸ்லோவா இருக்கு" என்ற இரண்டு சொற்களைத் தினமும் கேட்கும் வாசகர்களே, இதற்கு மேல் நடந்ததை ஓரளவு ஊகித்திருப்பீர்கள். நானும் அன்று ஊகித்தேன். என் ஊகங்கள் அனைத்தும் பிழை.

இருக்கிறாயா?

பரீனா முதன்முதலாக அழைத்தபோது, இத்தொழிலில் உள்ள எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். புத்தளத்திலிருந்து கற்பிட்டிச் சேவையகத்துக்கு ஒரு சின்னஞ்சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்தேன். பதில் உடனே வந்தது. நூறு முறை கேட்டேன், நூறு முறையும் வந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சேவையகம் தனி இயந்திரம் அன்று. ஒரே பெட்டிக்குள் ஐந்தாறு இயந்திரங்கள் இருப்பதைப்போலப் பாவனை செய்யும் ஏற்பாடு அது. கற்பிட்டிப் பாவனை இயந்திரங்களையும் புத்தளத்துப் பாவனை இயந்திரங்களையும் இணைப்பதும் ஒரு பாவனை வலையமைப்புத்தான். உண்மையான கம்பிகளுக்கு மேலே, அவை எங்கே வளைகின்றன, எந்த அறைக்குள் நுழைகின்றன என்ற கவலை எதுவும் இன்றி அது விரிக்கப்பட்டிருக்கும். கீழே இருப்பதை மறந்துவிடலாம் என்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். நான் அதை மிகவும் ஒழுங்காக மறந்திருந்தேன்.

"லைன்ல பிழை ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது" என்று பரீனாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஓம் மிஸ், 'இரிக்கிறியா' எண்டு கேட்டா அது 'ஓம், இரிக்கிறன்' எண்டு சொல்லும். சாமானத் தூக்கு எண்டாத்தான் அதுக்குத் தூக்க ஏலா."

சுகமான வலையமைப்பு

அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்காததை அலட்சியம் செய்வதற்குப் பல்கலைக்கழகம் நல்ல பயிற்சி தருகிறது. ஆனால், கம்பனியின் முகாமையாளர் ரியாஸ் எழுத்தில் ஓர் அறிக்கை கேட்டபோது, வெறும் பதிலை வைத்து எழுதக்கூடாது என்ற அளவுக்காவது எனக்கு மனச்சாட்சி இருந்தது. கம்பனியின் புத்தளம் அலுவலகம் அமைதியாக இருந்த ஒரு மத்தியான வேளையில், கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் இடையே ஒரு பெரிய கோப்பை அனுப்பி வேகத்தை அளந்தேன். கோப்பு பறந்தது. மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் பறந்தது. "வலையமைப்பில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை, தாமதத்துக்கான காரணம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அழகான வாக்கியம். அதன் இரண்டாம் பகுதி தேவையற்றது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ரியாஸ் நல்ல மனிதர். வாடிக்கையாளர்களுள் அவர் மட்டுமே எனக்குத் தேநீர் தருவார், அதுவும் முழுக் கோப்பை. அறிக்கையை இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லம் மிஸ். லைன் சுகம் எண்டா வருத்தம் கதிரையிலதானே."

பெயர் இல்லாத இடம்

நோய் இருப்பதாக அவர் சொன்ன கதிரை எது என்று நான்கு நாட்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. மாத முடிவோடு பரீனா வேலையிலிருந்து நிற்பாட்டப்படுவாள் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். காரணம் "வேலையில் மந்தம்". இணைப்பு, என் அறிக்கையின் பிரதி. கற்பிட்டிக் கரையில் இப்படியான கடிதம் ஒரு குளிர்களஞ்சியத்தோடு முடிந்துவிடுவதில்லை. முகாமையாளர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மச்சான், அல்லது மச்சானின் மச்சான். ஓரிடத்தில் "ஸ்லோ" என்று அனுப்பப்பட்டவளை அடுத்த இடம் எடுக்காது. பரீனாவின் கணவர் இரண்டு வருடமாகக் கடலுக்குப் போக முடியாதவர். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இவற்றை அவள் எனக்குச் சொல்லவில்லை. கற்பிட்டியில் வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர் அந்தோனி, தொலைபேசியில் கேளாமலே சொன்னார்.

நான் பரீனாவை அழைத்து, அப்படி ஓர் அர்த்தத்தில் எழுதவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மிஸ், ஒங்கட ரிப்போட்ட ரெண்டு தரம் வாசிச்சன். என்ட பேரு ஒரு இடத்துலயும் இல்ல, ஆனா முழுக்க நான்தான் இரிக்கிறன்."

மாற்றியவற்றின் பட்டியல்

அன்றிலிருந்து மூன்று வாரங்கள் எனக்கு இருந்தன. அந்த வாரங்களில் நான் செய்தவற்றை ஒரு மாணவி செய்திருந்தால் பூச்சியப் புள்ளி கொடுத்திருப்பேன். எங்களுக்கு இந்த மென்பொருளை விற்ற கொழும்பு நிறுவனத்தில் ஒரு நிபுணர் இருந்தார். குரலை மட்டும் அறிவேன். அவர் சொன்னபடி, வலையமைப்பு அட்டைகள் செய்யும் கணக்குகளை நிறுத்தி, அவற்றைச் சேவையகமே செய்யுமாறு மாற்றினேன். வேகம் மாறவில்லை. எல்லாப் போக்குவரத்தும் செயலியின் ஒரே பகுதியில் விழுந்து மற்றவை சும்மா இருக்கக்கூடும் என்றார்; பார்த்தேன், எல்லாமே சும்மாதான் இருந்தன. புதிய பதிப்பை ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். பழையதற்குத் திரும்பச் சொன்னார், திரும்பினேன். ஒருநாள் காலையில் ஏதோ கூடியதைப்போல இருந்தது. மத்தியானம் அது பொய் என்று தெரிந்தது. எதை மாற்றினால் என்ன ஆகிறது என்ற தொடர்பே அறுந்துபோய், இருட்டறையில் கதிரைகளை இடம் மாற்றுபவளைப்போல இருந்தேன்.

பரீனாவின் கணினியில் ஒரு படம் போகும் விதத்தையும் தொலைவிலிருந்து பார்த்தேன். அது எனக்கு இன்னும் குழப்பம் தந்தது. பொத்தானை அழுத்தியதும் படம் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். செத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மெல்ல ஊரத் தொடங்கும். ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும். அடுத்த படம் மீண்டும் முதலில் இருந்து நிற்கும். கெட்டுப்போன வலையமைப்பு இப்படி நடந்துகொள்ளாது, நல்ல வலையமைப்பும் இப்படி நடந்துகொள்ளாது. இதைக் கொழும்பு நிபுணரிடம் விவரித்தபோது அவர் கேட்டார்: "மெடம், நாங்க இதுவரைக்கும் என்னென்ன மாத்தினோம் எண்டு எங்கயாவது எழுதி வச்சிருக்கிறீங்களா?"

பரீனாவின் கொப்பி

எழுதி வைத்தவள் ஒருத்தி இருந்தாள். கடிதம் கிடைத்த நாளுக்கு முன்பிருந்தே, பாடசாலைப் பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில், ஒவ்வொரு தொகுதிப் படமும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று பரீனா குறித்திருந்தாள். அதன் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். (அந்தப் படங்களும் ஊர்ந்துதான் வந்தன.) நேரங்கள் எல்லாம் ஒன்றுபோல மோசமாக இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் இடையில், ஒரு மணித்தியாலம் எடுக்கும் தொகுதி பத்து நிமிடத்தில் முடிந்திருந்தது. ஒரு வெள்ளி மட்டுமல்ல, ஒன்பது வெள்ளி.

எனக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. நண்டு குறைவு, பெட்டி குறைவு, படம் குறைவு, ஆகவே வேகம். இவ்வளவு எளிமையான காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக நான் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது பரீனா சொன்னாள்: "வெள்ளிக்கிழம வேதக்கார ஆக்கள்ட போட்டெல்லாம் போகுதுதானே மிஸ், பெட்டி ஒண்டும் குறையல்ல. அவங்க சேர்ச்சுக்குப் போய்க் கடலுக்குப் போகாதது ஞாயித்துக்கிழம, அண்டைக்கு பெட்டி பாதி, ஆனா படம் அதே ஊரல்."

சாட்சியம்

காரணம் தெரியாவிட்டாலும் கொப்பி ஒரு சான்று என்று நம்பினேன். ஒருத்தி வாரத்தில் ஆறு நாளும் மந்தமாகவும் வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் மின்னலாகவும் இருக்க முடியுமா? இதை ரியாஸிடம் எடுத்துச் சென்றேன். நன்கு தயாரித்துக்கொண்டு போனேன். நேரங்களை வரைபடமாகவே போட்டிருந்தேன். ஆறு நாட்கள் தரையோடு கிடந்தன, வெள்ளிக்கிழமை மட்டும் கோபுரமாக எழுந்து நின்றது.

ரியாஸ் வரைபடத்தைக் கையில் எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு மூன்று வாரமாக வராத தெளிவு. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் குளிர்களஞ்சியத்தின் ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார்கள், உள்ளே பரீனா மட்டும் இருப்பாள், வாசலில் அந்தோனி மட்டும் இருப்பார் என்று எனக்கு விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். அவளைக் காப்பாற்றக் கொண்டுபோன தாளை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்து அவர் சொன்னார்: "அப்ப பாருங்க மிஸ், கதைக்க ஆள் இல்லாட்டி அவக்கும் வேல செய்யத் தெரியும்."

நானே அடைத்த வாய்

கோபத்தில் நல்ல வேலை நடப்பதுண்டு. அன்று அலுவலகத்துக்குத் திரும்பி, கற்பிட்டி தொடர்பாக எங்கள் கண்காணிப்பு மென்பொருள் பதிந்து வைத்திருந்த எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். எதுவும் இல்லை. பிறகுதான், நான் பார்த்துக்கொண்டிருந்த பட்டியலில் அடக்கிவைக்கப்பட்ட எச்சரிக்கைகள் தோன்றாது என்பது நினைவுக்கு வந்தது. அவற்றைத் திறந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நண்பகலில் கற்பிட்டியின் பிரதான இணைப்பு விழுந்திருந்தது. இரண்டு மணியளவில் தானாக எழும்பியிருந்தது. அந்த எச்சரிக்கையை ஆறு மாதங்களுக்கு முன்னர் அடக்கியவர் யார் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. காரணம் என்ற இடத்தில் "ஜும்ஆ நேரம், பாதகமில்லை" என்று என் கையால் எழுதியிருந்தேன். எல்லோரும் பள்ளிக்குப் போகும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்று நானே முடிவுசெய்து, நானே அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

அடுத்ததாக என் அறிக்கையைத் திறந்து, கோப்பு மூன்று முறை பறந்த அந்த மத்தியான வேளை எப்போது என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு நாற்பது. ரியாஸும் மற்றவர்களும் பள்ளிக்குப் போயிருந்ததால்தான் அலுவலகம் அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்ததால்தான் நான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன். ஆறு நாள் நோயாளியை, அவன் எழுந்து நடக்கும் ஒன்றரை மணி நேரத்தில் பரிசோதித்துச் சுகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் குழப்பம் தீரவில்லை, கூடியது. பிரதான இணைப்பு விழுந்தால், கூரையில் உள்ள வானொலிக் கருவி வழியாகச் செல்லும் மாற்று இணைப்பு வேலைசெய்யும். அது மலிவானது, மெதுவானது, அவசரத்துக்கென்று வைத்தது. நல்ல பாதை திறந்திருக்கும்போது ஊர்வதும், அது மூடியிருக்கும்போது பறப்பதும் எந்தப் பாடநூலில் இருக்கிறது? கொழும்பு நிபுணரைக் கேட்டேன். அவர் சொன்னார்: "மெடம், மெயின் லைன் விழுந்து ஸ்லோவானா எங்கட சப்போர்ட்ல வரும். விழுந்து ஃபாஸ்ட் ஆனா அதுக்கு நிரப்ப எங்களிட்ட ஃபோம் இல்ல."

வுழுத் தாங்கி

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் பரீனாவுக்குக் கடைசி நாள். காலை பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனேன். பாவனை வலையமைப்பை ஆராய்வதற்கு இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக உண்மையான இடத்துக்குப் போகிறேன் என்பது நுரைச்சோலையைத் தாண்டும்போது உறைத்தது. பதினொன்றரைக்கு ஆண்கள் கைகழுவும் குழாயடியில் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வரிசையாக வுழுச் செய்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு மோட்டார் சைக்கிள்கள் பள்ளியை நோக்கிப் போயின. முற்றம் காலியானது. வாசலில் இருந்த அந்தோனி எழுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்து மோட்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மற்ற நாட்களில் குழாய்த் தண்ணீரே போதும்; வெள்ளியில் ஆண்கள் எல்லோரும் ஒரேயடியாக வுழுச் செய்வதால் கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கி காலியாகிவிடும். அவர்கள் திரும்பி வந்து தரை கழுவத் தொடங்கும் முன் அதை நிரப்ப வேண்டும். தண்ணீர் மோட்டரின் வயரைக் கையில் எடுத்தவர், சுவரில் இருந்த ஒரே பிளக்கிலிருந்து, மேலே தட்டில் கிடந்த ஒரு சிறிய கறுப்புப் பெட்டியின் வயரைக் கழற்றினார். பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. மோட்டர் இரைந்தது. என் கைபேசியில், அன்று காலை நான் வாய் திறந்துவிட்ட எச்சரிக்கை கத்தியது. உள்ளே இருந்து பரீனா கூப்பிட்டாள்: "மிஸ், இப்ப பறக்குது!"

விடயம் இவ்வளவுதான். எனக்கு முன்பிருந்த ஒப்பந்தக்காரர், பிரதான இணைப்பின் கம்பி எட்டாததால், நடுவில் அந்தப் பழைய பெட்டியை வைத்து இரண்டு கம்பிகளை ஒட்டியிருக்கிறார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. பாவனை வலையமைப்பு ஒவ்வொரு தரவுப் பொதியையும் இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்பும். அந்த வெளியுறையால் பொதியின் அளவு ஐம்பது பைட் கூடும். மற்ற எல்லாக் கருவிகளும் அந்தப் பருமனை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. இந்தப் பெட்டி மட்டும் பழைய அளவுக்கு மேல் வருவதை விழுங்கிவிடும். விழுங்கியதைச் சொல்லவும் மாட்டாது. "இருக்கிறாயா" என்ற சிறு செய்தி தடையின்றிப் போகும். படத்தின் முழு அளவுப் பொதிகள் காணாமல் போகும். அனுப்பும் கணினி காத்திருக்கும், திரும்ப அனுப்பும், திரும்பக் காத்திருக்கும், கடைசியில் பொதிகளைச் சிறிதாக நறுக்கி ஒவ்வொன்றாகத் தள்ளும். அதுதான் அந்த நிற்றலும் ஊரலும். வானொலிப் பாதையில் இந்தப் பெட்டி இல்லை. மோட்டரை நிறுத்தச் சொல்லி, பெட்டியை மீண்டும் பொருத்தி, சிறிய பொதியும் பெரிய பொதியும் மாறி மாறி அனுப்பினேன். சிறியது போனது, பெரியது போகவில்லை. பெட்டியைக் கழற்றினேன், இரண்டும் போயின. அங்கேயே ஒரு கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் அண்ணன் இதைக் கழட்டுறத ஒருத்தருக்கும் சொல்லயில்ல?" என்று அந்தோனியைக் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "பச்ச லைட் பெட்டியக் கழட்டி எத்தின மாசம் மிஸ், ஒரு மனுசன் கத்தயில்ல. தண்ணி மோட்டர ஒருநாள் போடாம விட்டுப் பாருங்க, ஊரே கத்தும்."

எழுதியே எழுதுங்க

பள்ளி முடிந்து ரியாஸ் புத்தளத்திலிருந்து வருவதற்குள் இரண்டாவது அறிக்கையை எழுதிவிட வேண்டும் என்று பரீனாவின் மேசையில் உட்கார்ந்தேன். குறைபாடு, இடம், காரணம், பரிகாரம் என்று எழுதினேன். முதல் அறிக்கையின் அளவீடு தவறான நேரத்தில் எடுக்கப்பட்டது, தவறு என்னுடையது என்றும் எழுதினேன். அதை எழுதப் பேனா சற்றுத் தயங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பரீனா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். முடித்துவிட்டு, தான் மந்தமாக வேலை செய்யவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

தொழில்நுட்ப அறிக்கையில் அப்படியான வரிகள் இடம்பெறுவதில்லை, அதில் கருவிகளைப் பற்றி மட்டுமே எழுதுவோம், ஆட்களைப் பற்றி எழுதுவது மரபன்று என்று சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கு அது நன்றாகக் கேட்கவில்லை. பரீனா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "போன ரிப்போட்ல என்னப் பத்தி எழுதாம எழுதினீங்கதானே மிஸ். இதுல எழுதியே எழுதுங்க."

எழுதினேன். அவளுடைய முழுப் பெயரோடு.

பாதி நாள்

ரியாஸ் அறிக்கையை வாசித்தார். மோட்டர் அறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார், அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார், தேங்காயைக் காதருகே ஆட்டுவதைப்போல ஆட்டியும் பார்த்தார். பரீனாவை நிற்பாட்டும் கடிதத்தை அவள் முன்னாலேயே கிழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அவளுக்கும் முழுக் கோப்பைத் தேநீர் வந்தது. அடுத்த வாரம் பெட்டி போய் நீளமான ஒரே கம்பி வந்தது. தாங்கிக்கு என்று தனி பிளக் ஒன்றும் போட்டார்கள். அதற்கான அனுமதி, நான் கேட்ட கம்பிக்கான அனுமதியைவிட விரைவாகக் கிடைத்தது. லொறி நான்கு மணிக்குப் புறப்பட்டது. சில நாட்களில் மூன்றுக்கே தயாராக நின்றது.

இப்படி ஒரு மாதம் நன்றாகப் போனது. இதே தொழிலில் அடிபட்ட வாசகர்களே, அந்த ஒரு மாதத்தில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன், அதை எனக்கு விட்டுக்கொடுங்கள். முன்பு மாலைவரை இழுத்த படங்கள் இப்போது நண்பகலுக்குள் முடிந்துவிடுவதை ரியாஸும் கவனித்திருந்தார். வரைபடம் போட்டுக் காட்ட எனக்குத் தெரியும். வரைபடத்தை வாசிக்க அவருக்குத் தெரியும். பரீனாவைக் கூப்பிட்டு, மிகுந்த அன்போடு, அவளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதைப்போலச் சொன்னாராம்: "இப்ப லைன் ஃபாஸ்ட்தானே புள்ள, இனி நீங்க அரை நாள் வந்தாப் போதும், அரைச் சம்பளம் போட்டுத் தாரன்."

அரைச் சம்பளத்துக்கு முழுப் பஸ் கட்டணம் கட்ட முடியாது என்று பரீனா அன்றே எழுதிக் கொடுத்து விலகினாள். போகும்போது என் இரண்டாவது அறிக்கையின் பிரதியை வாங்கிக்கொண்டாள். எந்தக் குளிர்களஞ்சியமும் அதை வாசிக்க விரும்பவில்லை, ஒரு பாடசாலை அதிபர் மட்டும் கடைசி வரிவரை வாசித்தார். பரீனா இப்போது தில்லையடியில் அந்தப் பாடசாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அங்கேயும் இணையம் ஊரத்தான் செய்கிறதாம், ஆனால் அந்த ஊரலுக்கு அங்கே இன்னும் ஒருவரும் அவளுடைய பெயரை வைக்கவில்லை.